தங்கப்பழத்தின் வாட்ச்சுக்கு நாலு ஸ்க்ரூ

கோணக்குளம் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்தத் தாலுகாக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். திருநெல்வேலியில் பஸ் ஏறி, கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு விசில் ஊதுகிற இடத்தில் இறங்கினால் அதுதான் ஊர். அங்கே சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் நிறைய உண்டு. சொன்னதற்கு மேல் அரை அங்குலம் யோசிக்கிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

அந்த ஊரில் தங்கப்பழம் என்று ஒருவன். வயது முப்பத்தெட்டு. வாழைத்தோட்டம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, மூளையும் இல்லை. ஆறு இடத்தில் பெண் பார்த்து ஆறும் தட்டிப்போனது. ஆறாவது இடத்தில் பெண்ணின் தகப்பனார், பிடித்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். தங்கப்பழம் வெகுநேரம் யோசித்து, "வாழைக்காய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் ஏன் பதில் அனுப்பவில்லை என்று இன்றைக்கும் அவனுக்கு விளங்கவில்லை.

ஏழாவது இடத்தைக் கொண்டுவந்தார் தரகர் பட்டமுத்து. புங்கடி கிராமத்தில் பொன்னுத்தாய் என்று பெண். அவளுடைய அப்பா சங்கரலிங்கம் பஞ்சாலை வாசலில் ஆட்கள் வருகிற நேரத்தைக் குறித்தே முப்பது வருஷம் ஓட்டியவர். வாட்ச் கட்டாதவனை மனிதனாகவே சேர்க்கமாட்டார்.

"புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்கு முந்தி அங்க போயிரணும். கையில வாட்ச் இல்லாம அந்த வீட்டுப் படி ஏறிராதீரும். இதுவும் போச்சுன்னா எங்கிட்ட வேற இடம் கிடையாது, பாத்துக்கிடும்" என்றார் தரகர்.

தானே பொங்கித் தானே தின்று சலித்துப்போனவன் தங்கப்பழம். உப்புக் கூடிப்போனால் திட்டுவதற்கும் ஆள் இல்லாத வீடு எவ்வளவு கொடுமை என்பது அவனுக்குத்தான் தெரியும். இந்த இடமாவது அமையவேண்டும் என்று ஊரிலுள்ள எல்லாச் சாமிக்கும் தேங்காய் நேர்ந்துகொண்டான்.

பெட்டியடியில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வாட்ச் ஒன்று கிடந்தது. வார் மட்கிப்போயிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. சாதாரண வாட்ச் என்றால் வாரைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கம்பி இருக்கும். இதில் வாரின் இரண்டு முனையிலும் எள்ளளவுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூ. பழைய ஸ்க்ரூ இரண்டும் துருப்பிடித்து வாரோடு போய்ச் சேர்ந்துவிட்டன.

கூட்டாளிகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். முதலாமவன் வைகுண்டம். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் படித்தவன் என்று ஊரில் பெயர். கண்ணாடி அவன் அப்பாவுடையது. இரண்டாமவன் நயினார், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மூன்றாமவன் சொள்ளமுத்து. அவனும் தங்கப்பழத்தைப் போலத் தனிக்கட்டைதான், ஆனால் அதைப் பற்றி அவன் யோசித்ததில்லை. எதைப் பற்றியும் யோசித்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நடைபாதைக் கடையில் புது வார், பொட்டலத்தில் நாலு ஸ்க்ரூ, தீக்குச்சி நீளத்துக்கு ஒரு திருப்புளி, செய்முறை அச்சடித்த துண்டுக் காகிதம் எல்லாம் கிடைத்தன. கடைக்காரர் யோக்கியமான ஆள்.

"அண்ணாச்சி, ஸ்க்ரூ மட்டமான சரக்கு, மறைக்காம சொல்லிப்புடுதேன். அதான் ரெண்டுக்கு நாலா போட்டிருக்கு. ஸ்க்ரூவை மாட்டி முடிக்கிற வரைக்கும் வாரைப் பிடிச்ச விரலை மட்டும் எடுத்திராதிய" என்றார்.

ஊருக்கு வந்ததும் வைகுண்டம் காகிதத்தை வாசித்தான். 'சிறுவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்' என்பது முதல் வரி. எவ்வளவு உயரம் என்று போடவில்லை. நாலு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஊரிலேயே நெட்டையான பள்ளிக்கூடத்துப் பையன் கையைத் தூக்கினால் ஏழடி வரும். ஆனால் அவன் தென்னைமரம் ஏறுவான். ஊரிலேயே பெரிய தென்னை நாற்பதடி. ஆகவே நாற்பத்தேழு அடிக்கு மேல் வைத்தால்தான் சரி என்று வைகுண்டம் முடிவு சொன்னான்.

அந்த உயரத்துக்கு ஊரில் இருந்தது குடிதண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். நயினார் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினான். மேலே போனதும், பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று வைகுண்டம் கீழேயிருந்து கேட்டான். நயினார் வாயைத் திறந்து, சேர்ந்தது என்றான்.

நல்லவேளையாகப் பொட்டலம் தொட்டியின் விளிம்பிலேயே விழுந்தது. ஆனால் பல் பட்டுக் கிழிந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்க்ரூ தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் குடிக்கும்போது பல்லில் ஏதாவது தட்டினால் துப்பிவிடாமல் கொண்டுவந்து கொடுக்கும்படி தெருத்தெருவாகச் சொல்லிவந்தார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு கல்லும் ஒரு நத்தையும் வந்துசேர்ந்தன.

புதன்கிழமை விடிந்ததும் மிச்சமிருந்த மூன்று ஸ்க்ரூவைக் கீழே இறக்கி வேலையைத் தொடங்கினார்கள். வாட்ச்சைக் கீழே வைத்து வாரை மாட்டிவிட்டு அப்புறம் கையில் கட்டுவதுதான் உலக வழக்கம். தங்கப்பழம் சம்மதிக்கவில்லை. தரகர் சொன்னது கையில் வாட்ச் என்று, ஆகவே கையில் வைத்துத்தான் மாட்டவேண்டும் என்று சாதித்தான். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் இடது கையை நீட்டினான். வாரின் மேல்முனையை வாட்ச்சோடு சேர்த்துச் சொள்ளமுத்து பிடித்துக்கொண்டான், கீழ்முனையை நயினார் பிடித்துக்கொண்டான். வைகுண்டம் திருப்புளியோடு எதிரே உட்கார்ந்தான்.

'வலப்பக்கமாகத் திருகவும்' என்றது காகிதம்.

"யாரு வலதுவே?" என்று கேட்டான் தங்கப்பழம். "நீரு எனக்கு எதுத்தாப்ல உக்காந்திருக்கீரு. ஒம்ம வலது எனக்கு இடதுல்லா."

"வாட்ச் யாருது?"

"என்னுது."

"அப்பம் ஒம்ம வலதுதான். ஆனா திருப்புளி எங்கையில இருக்கு. ஒம்ம வலதை நான் எப்படிவே திருக முடியும்? நீருதான் திரும்பணும்."

நியாயமாகத்தான் பட்டது. வைகுண்டம் திருப்புளியை அசையாமல் பிடித்துக்கொள்ள, தங்கப்பழம் எழுந்து வலப்பக்கமாக அவனைச் சுற்றி நடந்தான். விரலை எடுக்கக்கூடாது என்பதால் சொள்ளமுத்துவும் நயினாரும் கூடவே நடந்தார்கள். மூன்றாவது சுற்றில் ஸ்க்ரூவின் தலையில் இருந்த கோடு அழிந்து மொழுக்கென்று ஆகிவிட்டது.

இந்த ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. அது இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை. திருப்புளியைக் காட்டினாலே மழுங்குகிறது, முறைத்துப் பார்த்தால் வளைகிறது. இதையும் ஒருவன் பட்டறையில் உட்கார்ந்து செய்து, எண்ணிப் பொட்டலம் கட்டி, செய்முறையும் அச்சடித்து அனுப்புகிறான் பாருங்கள். அவனுக்கும் கோணக்குளத்துக்கும் எங்கோ ஒரு ரத்த சம்பந்தம் இருக்கவேண்டும்.

மழுங்கிப்போன ஸ்க்ரூ நழுவி மண்ணில் விழுந்தது. ஒரு கோழி வந்து கொத்தி விழுங்கிவிட்டது. விரலை எடுக்காமலே மூன்று பேரும் ஒட்டினாற்போலக் கோழியைத் துரத்தினார்கள். கோழி வேலியைத் தாண்டியது. இவர்கள் தாண்டவில்லை, வேலிதான் சாய்ந்தது.

இரண்டாவது ஸ்க்ரூ அரைச் சுற்றிலேயே இரண்டாக உடைந்தது. வைகுண்டத்துக்கு ஒரே சந்தோஷம். நமக்கு வேண்டியதும் இரண்டுதானே என்றான். இரண்டு துண்டையும் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்குத் தலை இல்லை, மற்றதற்கு உடம்பு இல்லை. வைத்த வேகத்திலேயே இரண்டும் உதிர்ந்தன.

மூன்றாவதை மாட்டுமுன் காகிதத்தை மறுபடி வாசித்தார்கள். 'அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது' என்று கண்டிருந்தது. அளவு எவ்வளவு என்று போடவில்லை. அளவு தெரியாமல் ஒரு இழை இறுக்கினாலும் அது அளவுக்கு மேல் போய்விடக்கூடும், ஆகவே இறுக்காமலே விடுவதுதான் உத்தமம் என்று வைகுண்டம் தீர்ப்புச் சொல்லி, ஸ்க்ரூவை ஓட்டையில் நிறுத்திவைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். ஒரு பக்கமாவது முடிந்ததே என்று தங்கப்பழம் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான். அந்தக் காற்றில் ஸ்க்ரூ போன திசை தெரியவில்லை.

பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வீட்டுத் தாயம்மா வேலியை யார் சாய்த்தது என்று கேட்க வந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டு, நூலை வைத்து ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே என்றாள். நாலு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். காகிதத்தில் நூல் என்ற பேச்சே இல்லை. படிக்காத பொம்பளை என்று நயினார் மெதுவாகச் சொன்னான்.

அப்போதுதான் சொள்ளமுத்து தன் ஆயுளிலேயே நீளமான பேச்சைப் பேசினான்.

"ஸ்க்ரூ மாட்டுற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாதுன்னுல்லா கடைக்காரர் சொன்னாரு. ஸ்க்ரூ இன்னும் மாட்டலை. நான் எடுக்க மாட்டேன். அவன் எங்க போனாலும் நானும் போறேன்."

வழி பிறந்துவிட்டது. சொள்ளமுத்து ஒரு ஸ்க்ரூ, நயினார் ஒரு ஸ்க்ரூ. இரண்டு பேரும் தொங்குகிற கையில் புதுச்சட்டையை நுழைக்க வழியில்லை என்பதால் தங்கப்பழம் வலது கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மிச்சச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். கைவசம் இருக்கட்டும் என்று வைகுண்டம் திருப்புளியை எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் ஏறும்போது, ஒவ்வொருவராக ஏறுங்கள் என்று கண்டக்டர் கத்தினார். ஒவ்வொருவராக ஏற முடியாது, ஸ்க்ரூ கழன்றுவிடும் என்று நயினார் பொறுமையாக விளக்கினான். அதற்குப் பிறகு புங்கடி வரை கண்டக்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

பதினொன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்தார்கள். சங்கரலிங்கம் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கையைத்தான் பார்த்தார். வாட்ச் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளும் இருந்தான். இவர்கள் யார் என்று கேட்டார். ஸ்க்ரூ என்றான் வைகுண்டம். முப்பது வருஷம் ஆலைவாசலில் நின்றவர் எத்தனையோ பார்த்திருப்பார்; உட்காரச் சொன்னார்.

பிறகு, மணி என்ன என்று தங்கப்பழத்திடம் கேட்டார். தங்கப்பழம் கையைத் தூக்கினான். இரண்டு ஸ்க்ரூவும் எழுந்து நின்றன. மூன்றேகால் என்றான்.

"வாட்ச் ஓடலையே, தம்பி."

"கட்டியிருக்கணும்னுதான் தரகர் சொன்னாரு. ஓடணும்னு சொல்லலியே" என்றான் தங்கப்பழம்.

சங்கரலிங்கம் நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பொன்னுத்தாய் காப்பித் தட்டோடு வந்தாள். ஒரு கைக்கு மூன்று ஆள் இருப்பதைக் கண்டு திகைத்ததில் தட்டு சரிந்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு தம்ளர் காப்பி சொள்ளமுத்துவின் விரலில் கொட்டியது. தோல் சிவந்து எழும்பியது. சொள்ளமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான், விரலை எடுக்கவில்லை.

பொன்னுத்தாய் அப்படியே நின்றாள். துணியை நனைத்துக்கொண்டு வந்து அந்த விரலைச் சுற்றினாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"பிடிச்சதை விடாத ஆளா இருக்காரு. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

நயினாரும்தான் விடவில்லை, ஆனால் அவனுக்குத்தான் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே. ஓடாத வாட்ச்சைக் கட்டியவனைவிட ஓடாத ஸ்க்ரூ மேல் என்று சங்கரலிங்கத்துக்கும் பட்டது. அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். தங்கப்பழத்துக்கு ஏழாவதும் போயிற்று. அழுதால் கை ஆடும், கை ஆடினால் சொள்ளமுத்துவின் புண்ணுக்கு வலிக்கும் என்று அழுகையை அடக்கிக்கொண்டான். மடையன்தான், ஆனால் கெட்டவன் இல்லை.

கல்யாணம் வந்தது. ஸ்க்ரூ மட்டும் கிடைக்கவில்லை. நயினாரின் மனைவி ஒருநாள் விளக்குமாற்றோடு வந்து நின்றதில் அவன் விரல் தானாகவே கழன்றுகொண்டது. அந்த முனையை அன்றிலிருந்து வைகுண்டம் பிடித்துக்கொண்டான். மணமேடையில் மாப்பிள்ளை சொள்ளமுத்து உட்கார்ந்தான், அவன் விரலோடு தங்கப்பழம் உட்கார்ந்தான், தங்கப்பழத்தின் கையோடு வைகுண்டம் உட்கார்ந்தான். கெட்டிமேளம் கொட்டியது. தாலியை வாங்கினால் முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். சொள்ளமுத்துவிடம் ஒரு கைதான் மிச்சம்.

ஐயர் விரலை எடுக்கச் சொன்னார். ஸ்க்ரூ மாட்டியாச்சா என்று கேட்டான் சொள்ளமுத்து. இல்லை என்றார்கள். அப்படியென்றால் எடுக்கமாட்டேன் என்றான். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் குனிந்த தலை நிமிராமல் காத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் தங்கப்பழம் தன்னுடைய வலது கையை நீட்டினான். சொள்ளமுத்துவின் ஒரு கையும் தங்கப்பழத்தின் ஒரு கையுமாகச் சேர்ந்து முதல் முடிச்சைப் போட்டு முடித்தன. எல்லோரும் அட்சதை போட்டார்கள்.

பந்தியில் தரகர் பட்டமுத்துவைக் கண்டதும் தங்கப்பழத்தின் முகம் மலர்ந்தது. ஆறு இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, இந்த இடத்தில் பாதி நடந்துவிட்டது என்று அவரிடம் கணக்குச் சொன்னான்.

"இனிமே எனக்குப் பாதிக் கல்யாணம்தான் பாக்கி அண்ணாச்சி. அதுக்குத் தக்கன ஒரு சின்ன இடமாப் பாரும்."

தரகர் இலையிலிருந்து கையை எடுத்து யோசித்தார். அவரும் கோணக்குளத்துக்காரர்தான். கீழத்தெருவில் ஒரு மாப்பிள்ளை பாதியிலேயே எழுந்துபோன வீடு ஒன்று இருக்கிறது, மிச்சப் பாதி அப்படியே கிடக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.