நாணல் வேருக்குள் இறங்கிய கதை

அந்தக் காலத்தில் புல்லும் பேசும், புழுவும் பேசும்; மனிதர்கள்தான் கொஞ்சம் குறைவாகப் பேசினார்கள். அப்போது ஏரிக்கரை நாணலுக்கு வேர் என்று சொல்லிக்கொள்ள நகக்கண் அளவுதான் இருந்தது. உயிரையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று பகட்டிக்கொண்டிருக்கும்.

"கொஞ்சம் கீழேயும் இறங்கேண்டி" என்பாள் காத்தாயி. அவள் பானை வனைகிறவள். அவளுடைய சூளைக்கு எரிபொருள் அந்த நாணல்தான்.

"மண்ணுக்குள்ள ஒரே இருட்டுக்கா. எனக்குப் பயம்" என்னும் நாணல்.

ஒரு வருஷம் வானம் பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. காத்தாயி வழக்கம்போல வடகரை நாணலை அடியோடு அரிந்து, காயவைத்துச் சூளை மூட்டினாள். எப்போதும் சீக்கிரமே துளிர்க்கிற அடிக்கட்டை இந்தத் தடவை துளிர்க்கவில்லை. தொட்டுப் பார்த்தாள்; கையோடு வந்துவிட்டது. கொன்றது தன் கைதான் என்று தெரிந்து, கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மிஞ்சியது தென்கரைப் புதர் மட்டும். வீட்டில் வனைந்த பானைகள் பச்சை மண்ணாகவே அடுக்கிக் கிடந்தன. சுட்டால்தான் பானை, பானை கொடுத்தால்தான் கேழ்வரகு. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன. வேறு வழியில்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு தென்கரைக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் நாணல் நடுங்கியது. ஆனாலும், "பிள்ளைங்க ஏதாச்சும் சாப்பிட்டாங்களாக்கா?" என்றுதான் கேட்டது. "அரிஞ்சுக்கோ. நான் எப்படியும் காஞ்சு போகப்போறவதானே."

காத்தாயி அரிவாளையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெற்ற பிள்ளைகளும் வேண்டும், இவளும் வேண்டும். அரிவாளைக் கீழே போட்டாள்.

"அடுப்பு நெருப்பை நான் என்னடி பண்றேன்? சாம்பலுக்குள்ள புதைச்சு வைக்கிறேன். செத்தா போகுது? நீயும் உசிரைக் கீழ கொண்டுபோய் வை. தலையை மட்டும் எனக்குக் குடு."

"இருட்டுக்கா..."

"துணைக்குத் தண்ணி அனுப்புறேன். அது பின்னாடியே போ."

வீட்டுக்கு ஓடி, மண் பிசைய வைத்திருந்த கடைசிக் குடத்தைத் தூக்கி வந்தாள். அதை ஊற்றிவிட்டால் மழை வரும்வரை இன்னொரு பானை வனைய முடியாது. தெரிந்தேதான் ஊற்றினாள். ஈரம் இறங்கிய வழியே வேர் பயந்து பயந்து இறங்கியது. தண்டில் இருந்த தித்திப்பையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போனது. இரண்டே நாளில் மேலே பச்சை போய் மஞ்சளாகி, சருகாகி நின்றது.

காத்தாயி நான்கு விரல் கட்டை விட்டு மெல்ல அரிந்தாள். எப்போதும் கிடைப்பதில் பாதிகூடத் தேறவில்லை. ஆனாலும் ஒரு சூளைக்குக் கண்டது. பானை வெந்தது, கேழ்வரகு வந்தது, பிள்ளைகள் கூழ் குடித்து எழுந்து உட்கார்ந்தன.

தினமும் காலையில் கட்டையருகே குனிந்து, "இருக்கியாடி?" என்று கேட்பாள். பதிலே வராது. ஊரில் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள்.

ஒருவழியாக மழை பெய்தது. மறுநாள் ஓடிப்போய்க் குனிந்தாள். கட்டை நடுவே ஊசிமுனை அளவு பச்சை எட்டிப் பார்த்தது.

"வந்துட்டேன்க்கா."

அன்று முதல்தான், வானம் பொய்த்தால் நாணல் தலையைக் காயவிட்டு வேருக்குள் போய்விடுகிறது. அதை அரிகிறவர்களும் நான்கு விரல் கட்டை விட்டு, அதன் காலடியில் ஒரு கை தண்ணீர் தெளித்த பிறகே அரிவாள் வைக்கிறார்கள்.