எண்பத்தேழாம் எண் கடிகாரம்

முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் தப்பாகிவிடும்.

தூத்துக்குடியில் உப்பளம் ஒன்றின் மேற்பார்வையாளர் கோமதிநாயகம். அவருக்கு இருந்த ஒரே பித்து ஜப்பான் கைக்கடிகாரங்கள். எல்லாக் கடையிலும் கிடைப்பவை அல்ல. இத்தனைதான் செய்வோம் என்று முன்பே அறிவித்து, ஒவ்வொன்றின் பின்மூடியிலும் எண் பொறித்து, அத்தோடு நிறுத்திவிடுகிறார்களே, அந்த லிமிடெட் எடிஷன் கடிகாரங்கள். அவரிடம் பதினான்கு இருந்தன. ஊரில் இதே பித்துப் பிடித்த இன்னொருவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மீரான். இருவரும் அந்தக் கடையில் உட்கார்ந்து, ஒரே பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி, ஒரு விநாடி முள்ளைப் பற்றியே ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேசுவார்கள்.

ஒரு புதன்கிழமை மீரான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வே கோமதி, முன்னூறே முன்னூறு செஞ்சானே, நீல முகப்பு? அதுல எண்பத்தேழாவதை நேத்து கையால தொட்டுட்டேன்."

கோமதிநாயகம் ஒன்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது அது.

அவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த பிரகாசியம்மாள் வீட்டில் அது இருந்தது; புதுக் கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது மீரான் பார்த்திருக்கிறார். காலமான அந்த அம்மாளின் கணவர் கப்பலில் எஞ்சினியர்; ஜப்பானில் கோபே துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கியது. மீரான் எதையும் மறைக்கவில்லை. இது எவ்வளவு அரிய பொருள், விற்றால் என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறார்.

"விக்க மாட்டேன் பாய். மகன்கிட்ட வேணுமான்னு கேட்டேன். போன்லயே மணி தெரியுது, எனக்கு எதுக்குன்னுட்டான். நீங்க கட்டிக்கிடுங்க. உங்களுக்குத்தான் அதோட அருமை தெரியுது" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போய் மரியாதையாக வாங்கிவருவது மீரானின் எண்ணம்.

வெள்ளிக்கிழமை நண்பகல், மீரான் கட்டாயம் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில், கோமதிநாயகம் பிரகாசியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினார். வெறுமனே ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

"மீரான் பாய் அனுப்பினாங்களா?" என்றார் பிரகாசியம்மாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தார். அது போதுமாயிருந்தது. அந்த அம்மாள் காபி கொடுத்து, கணவரின் கைக்குட்டையில் சுற்றிக் கடிகாரத்தையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்தார். ஒன்பது ஆண்டு ஆசை ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணிக்கட்டில் கட்டிப் பார்க்கவே கூசியது. மற்றப் பதினான்கோடு வைக்கவும் மனம் வரவில்லை. துணிகளுக்கு அடியில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மீரான் போனில் அழைத்தார். கோபப்பட்டிருந்தால் கோமதிநாயகத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க ஆள் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரேன்னு அந்தம்மா சொல்லுச்சு. அடையாளமும் சொல்லுச்சு. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சுரும்லா? ஆமாம்மா, என் ஆளுதான், நாந்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். போனை வச்சிரட்டுமா?"

அவ்வளவுதான். அதன்பின் எட்டு நாள் கோமதிநாயகம் கண்ணாடிக் கடை இருக்கும் தெரு வழியாகப் போகவில்லை. ஒன்பதாம் நாள் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துப் போனவர், சட்டைப்பைமேல் கையை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். மீரானும் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓர் இளைஞர் உள்ளே வந்தார். மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த கிளாட்வின், பிரகாசியம்மாளின் மகன்.

"பாய், அப்பா கடிகாரம் வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். இப்ப வீட்டுக்கு வந்து அவங்க சட்டையெல்லாம் பாத்ததும்… கேக்கவே வெக்கமா இருக்கு. குடுத்ததத் திருப்பிக் கேக்காதன்னு அம்மா திட்டுறாங்க. முடியாதுன்னா பரவாயில்ல."

மீரான் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ரெண்டு நாள் பொறுங்க தம்பி" என்றார்.

கடிகாரமோ கோமதிநாயகத்தின் சட்டைப்பையில். இரண்டடி தூரத்தில் மகன். எதிரே மீரான். நான்கு தெரு தள்ளிப் பிரகாசியம்மாள். மகன் கையில் கொடுக்கலாம். அப்பாவின் பொருள் பிள்ளைக்குப் போகும். அந்த அம்மாளிடமே திருப்பித் தந்து, செய்ததைச் சொல்லலாம். அல்லது மீரானிடம் நீட்டலாம்.

கேட்டவர்களே, இந்த மூவரில் யார் கையில் கொடுப்பது சரி?

மகன் என்பார்கள் பலர். ஆனால் மகன் அதை வேண்டாம் என்று ஒருமுறை விட்டுவிட்டார். மேலும், தன்னுடையதல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்து நல்லவன் ஆகிக்கொள்ளக் கோமதிநாயகத்துக்கு என்ன உரிமை? தாயோ மனமறிந்து கொடுத்துவிட்டார், கொடுத்தது மீரானுக்கு. இடையில் வாங்கியவரை என் ஆள் என்று மீரானும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆள் என்றால் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. எனவே மீரான் கையில் கொடுப்பதே சரி. அதன்பின் யாருக்குக் கொடுப்பது என்பது மீரானின் பாடு. கோமதிநாயகமும் அப்படித்தான் செய்தார். மீரான் வாங்கி, ஒரு கணம்கூடப் பார்க்காமல், கிளாட்வினிடம் தந்தார். கிளாட்வின் மீரானின் கையோடு கோமதிநாயகத்தின் கையையும் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் மறுவாரம் கோமதிநாயகம் பிரகாசியம்மாளிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த அம்மாள் திட்டவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.