மகாராஜாவின் வடையும் வாத விளக்கும்

சாம்பவனூர் ராஜ்யத்தை ஆண்டுவந்த கனகசிங்க பூபதிக்கு இரண்டு விஷயம் இல்லாமல் பொழுது போகாது. ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட உளுந்துவடை. மற்றொன்று, சபையில் காரசாரமான விவாதம். வடையாவது தின்றால் தீர்ந்துவிடும். விவாதம் தீரவே தீராது!

அந்த வருஷம் எள் விளைச்சல் சுமார். நல்லெண்ணெய் விலை கொஞ்சம் ஏறியது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ராஜா உடனே, "விலை ஏன் ஏறியது? கூட்டுங்கள் சபையை!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. ராஜாவின் தாத்தா காலத்திலிருந்து அந்தச் சபையில் ஒரு வழக்கம். வாதாடுகிற ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு விளக்கு எரிய வேண்டும். அதற்கு வாத விளக்கு என்று பேர். முடிவு தெரிகிறவரை இரவும் பகலும் அணையக் கூடாது. அணைந்தால் அவர் கட்சி தோற்றது. வாதம் எவ்வளவு பெரிதோ, விளக்கும் அவ்வளவு பெரிது. எண்ணெய் அரண்மனைச் செலவு. இந்த வழக்கத்தை யாராவது குறை சொன்னால், எரிகிற விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவர வேண்டும்.

புலவர்கள் விடுவார்களா? குடம் குடமாக எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"செக்குமாடு சோம்பேறியாகிவிட்டது!" என்றார் ஒருவர்.

"இல்லை, பக்கத்து நாட்டான் நம் எள்மேல் கண்வைத்துவிட்டான்!" என்றார் இன்னொருவர்.

மந்திரி அனந்தசயனம் தொண்டையைக் கனைத்தார். "பெண்களின் கூந்தல் நீளமாகிவிட்டது. எல்லா எண்ணெயும் தலைக்கே போகிறது" என்றார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேச்சு வளர வளர விலையும் வளர்ந்தது. விலை ஏற ஏற, அதைப் பற்றிப் பேச இன்னும் நாலு புலவர்கள் விளக்கோடு வந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது. வீரபாகு சபையின் விகடர். வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் உயிராக நினைத்தது தன் மீசையை. தினமும் எண்ணெய் தடவி முறுக்கிவிடுவார். இப்போது கடையில் எண்ணெய் இல்லை. மீசை வாடிய கீரைத்தண்டு மாதிரித் தொங்கிற்று. எண்ணெய் எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியும். சொன்னால் தலையில் விளக்கு ஏறும். பாவம், என்ன செய்வார்? ஒருநாள் தாங்காமல் சபையில் சிரித்துவிட்டார்.

"என்னய்யா சிரிப்பு?" என்று ராஜா சீறினார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ளே விலை ஏறின காரணத்தை நீர் சொல்லியாகணும். இல்லேன்னா உம்ம மீசையை மழிச்சுடுவேன்!"

அரண்மனை நாவிதர் அப்போதே கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். மந்திரிக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் காலையில் வீரபாகு ஒரு கொப்பரையை உருட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். கல்யாண வீட்டில் பாயசம் காய்ச்சுவார்களே, அந்தக் கொப்பரை.

"இது என்னவோய்?" என்றார் மந்திரி.

"என் வாத விளக்குங்க. நாட்டிலே எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லைன்னு வாதாடப் போறேன். பெரிய வாதம் பாருங்க, அதான் பெரிய விளக்கு."

மந்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜனங்களே இவனை உதைப்பார்களே! "பேஷ், வழக்கம்னா வழக்கம்தான். ஊற்றுங்கடா!" என்றார்.

சேவகர்கள் கடைவீதிக்கு ஓடினார்கள். ஒரு சொட்டு இல்லை. செக்கடிக்கு ஓடினார்கள். மாடுதான் நின்றது. "அரண்மனை மடப்பள்ளியில் ஒரு ஜாடி இருக்கிறது" என்றான் ஒருவன்.

"வாத விளக்குக்குத்தான் முதல் உரிமை. எடுத்து வா!" என்றார் மந்திரி மிடுக்காக.

கொப்பரை பற்றிக்கொண்டு எரிந்தது. வீரபாகு வாதத்தைத் தொடங்கவில்லை. "மகாராஜா சாப்பிட்டு வரட்டும்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மீசையை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் ஆயிற்று. ராஜா வந்தார். வந்தாரா? பாய்ந்தார்! கையில் வெள்ளைவெளேரென்று ஒரு வடை.

"இதைப் பாருங்கய்யா! ஆவியிலே வேகவெச்ச வடையாம்!" என்று வீசினார். அது போய்த் தூணில் ஒட்டிக்கொண்டது. "என் வடை எண்ணெயை எவன் எடுத்தான்?"

மந்திரிக்கு வேர்த்தது. "வாத விளக்குக்கு... நான்தான்..."

"என்னய்யா வாதம்?"

"எண்ணெய் எங்கே போகிறதுன்னு..."

ராஜா சுற்றிப் பார்த்தார். சாளரமெல்லாம் உச்சி வெயில் கொட்டுகிறது. அந்த வெயிலில் வரிசை வரிசையாக விளக்கு. நடுவே கொப்பரை தகதகவென்று எரிகிறது. ராஜாவின் வாய் அப்படியே திறந்துகொண்டது.

"அடப்பாவிகளா! எண்ணெய் எங்கே போகுதுன்னு பேசிப் பேசியே அத்தனையையும் எரிச்சுட்டீங்களா? பட்டப்பகல்லே எதுக்கய்யா விளக்கு? இதுவும் ஒரு வழக்கமா?"

வீரபாகு தடாலென்று விழுந்து கும்பிட்டார். "மகாராஜா, காரணத்தை நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க! இவ்வளவு எண்ணெய் இங்கே எரியுதே, நாட்டிலே பஞ்சம்னு யார் சொன்னது?"

மந்திரி மெல்ல எழுந்தார். "ஆனால் வழக்கத்தைக் குறை சொன்னவர் தலையில் விளக்கு ஏறணுமே..."

சபை திடுக்கிட்டது. ராஜா கிரீடத்தைத் தடவினார்.

"மகாராஜா தலையிலே கிரீடம் இருக்கே, விளக்கு எப்படி நிற்கும்?" என்றார் வீரபாகு. "பக்கத்திலே வழவழன்னு ஒரு தலை சும்மாத்தானே இருக்கு!"

ராஜா சிரித்த சிரிப்பில் தூணில் ஒட்டியிருந்த வடை கீழே விழுந்தது. அத்தனை விளக்கையும் ஊதி அணைத்தார்கள். மிஞ்சிய எண்ணெயைக் கடைவீதிக்கு அனுப்பினார்கள். மந்திரி தலையில் ஒரே ஒரு விளக்கு ஊரைச் சுற்றி வந்தது. அன்றே விலை இறங்கத் தொடங்கிற்று.

"வீரபாகு, என்ன பரிசு வேணும்? பொன்னா? நிலமா?" என்றார் ராஜா, வாய் நிறைய சூடான வடையோடு.

வீரபாகு முகத்தை நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு சொட்டு எண்ணெய் போதும் மகாராஜா. தப்பிச்ச மீசை, தொங்கினா நல்லாவா இருக்கும்?"