மூணாவது டிஸ்க்

"நீங்க சொன்னபடிதானம்மா செஞ்சேன். அப்புறம் எப்படிப் போச்சு?"

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் செங்கோடன் கேட்டார்.

கஞ்சமலை அடிவாரத்தில் இருந்தது அந்தச் சின்ன மடம். மடத்தம்மா முறத்தில் கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கோடனுக்கு அவர் மகள் வயசு. ஆனாலும் இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணா என்பார். யார் பெரிசு என்று ரெண்டு பேரும் கணக்குப் பார்த்ததில்லை.

"என்ன போச்சுங்கண்ணா?"

"டிசைன் பூரா போச்சுங்க. உங்க முன்னால மூஞ்சி காட்ட முடியாமத்தான் இத்தன மாசம் வரல."

செங்கோடன் சேலை நெய்கிறவர் இல்லை. நெய்கிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறவர். மயில் எங்கே நிற்கணும், மாங்காய் எங்கே விழணும் என்று விசைத்தறிக்குச் சொல்லுகிற படமெல்லாம் அவர் கடைக் கம்ப்யூட்டரில்தான் பிறக்கும். ஊரில் பாதித் தறி அவர் படத்தை நம்பித்தான் ஓடியது.

"ஒரே எடத்துல வெக்காதீங்கன்னு அன்னைக்குச் சொன்னீங்க. சரின்னு மூணு டிஸ்க்குல காப்பி எடுத்தேன். ஒண்ணு கடையில. ஒண்ணு வீட்டு பீரோவுல, நகைக்குப் பக்கத்துல. ஒண்ணு ராசிபுரத்துல, மாப்பிள்ளை வீட்டுல. சரிதானுங்களா?"

"சரிதான்."

"வருசம் பூரா இம்மி பிசகலைங்க. மழையில கடை ஒழுகுச்சு. ஒண்ணும் ஆகல. இடி எறங்கிக் கம்ப்யூட்டரு பொசுங்குச்சு. மறுநாளே வேற ஒண்ணு வாங்கி, டிஸ்க்க மாட்டி வேலையப் பாத்தோம்."

"அப்புறம்?"

"ஆயுத பூசை வந்துச்சுங்க."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"தொழில் பண்ற சாமானத்த பூசையில வெக்காம இருக்க முடியுங்களா? கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சோம். பிரிண்டருக்கு வெச்சோம். கத்திரிக்கோலுக்குக்கூட வெச்சோம். தொழிலோட உசுரே அந்த டிஸ்க்குதான், அத மட்டும் விட்டா நல்லாருக்குமா? வீட்டுல இருந்தத என் சம்சாரம் சரசா எடுத்துட்டு வந்தா. ராசிபுரத்துல இருந்தத மாப்பிள்ளை பஸ்சுல கொண்டாந்தாரு. முகம் சுளிக்கலைங்க, பொரி கடலையும் வாங்கிட்டு வந்தாரு."

"மூணையும்."

"மூணையும். பலகையில பட்டுத்துணி விரிச்சு, வரிசையா."

மடத்தம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"என் தம்பி நல்லதம்பிதான் சூடத்தட்டைச் சுத்துனான். தட்டு சுட்டுடுச்சு, விட்டுட்டான். பட்டுன்னு சொல்லித்தான் குடுத்தான் அந்தக் கடைக்காரன். பாலியெஸ்டருங்க. குப்புனு பத்திக்கிச்சு. சரசா பதறிப்போயி குடத்துத் தண்ணியத் தூக்கி ஊத்துனா. கம்ப்யூட்டரையும் சேத்து நெருப்பு தின்னது பாதி, தண்ணி தின்னது மீதி. சிரிப்பா வருதுங்களா?"

"இல்லைங்கண்ணா. சிரிப்பு வரல."

செங்கோடன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தீபாவளி ஆர்டர் அத்தனையும் நின்னுபோச்சு. தறிக்காரங்க எத்தன நாளைக்குப் பொறுப்பாங்க? பழனியப்பன் பொண்டாட்டி புள்ளையோட திருப்பூருக்குப் போயிட்டான், பனியன் கம்பெனிக்கு. அவன் வீட்டுல பூட்டு தொங்குது. நான் இப்ப அந்தத் தெரு வழியாப் போறதே இல்ல, சுத்தித்தான் போறேன்."

"இப்ப எப்படி?"

"நெய்து வித்த சேலையெல்லாம் தேடிப் புடிச்சு, பாத்துப் பாத்துத் திரும்பப் போட்டேன். கண்ணு போச்சு. முக்காவாசி வந்துருச்சு. இன்னொரு தடவ போச்சுன்னா எனக்குத் தெம்பு இல்லைங்க. கடைக்கும் பூட்டுதான், தறிக்காரங்களுக்கும் திருப்பூருதான்."

அடக்க முடியாமல் கேட்டார்.

"எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு. மூணு எடம், ரெண்டு ஊரு. அதெப்படிம்மா மூணும் ஒரே நேரத்துல போகும்? கெரகந்தானே?"

"கெரகம் ராசிபுரத்துல இருந்து பஸ்சுலயா வந்துச்சு?"

செங்கோடனுக்கு அது காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

"அதுக்குத்தான் இந்தத் தடவ முன்ஜாக்கிரதையா வந்திருக்கேன்" என்றார்.

மஞ்சப்பையைத் திறந்தார். புது டிஸ்க் ஒன்றை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"உங்க கை பட்டு ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க."

மடத்தம்மா மூன்றையும் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"கடையில கம்ப்யூட்டர்ல இருக்குதா?"

"அது சர்வீசுக்குப் போயிருக்குது. உள்ள இருந்ததெல்லாம் தொடைச்சுட்டுத்தான் குடுத்தேன்."

"வீட்டுல ஒண்ணாவது விட்டுட்டு வந்தீங்களா?"

"ஒண்ணுக்கு ஆசீர்வாதம் உண்டு, ஒண்ணுக்கு இல்லைன்னா நல்லாருக்குமாம்மா?"

"எதுல வந்தீங்க?"

"மொபெட்டுலதான்."

"பையி?"

"ஹேண்டில்ல மாட்டியிருந்தேன்."

"ஓடைப் பாலம் ஒடஞ்சு கெடக்குதே."

"அதெல்லாம் தண்ணியில எறக்கி ஓட்டிட்டு வந்துட்டேன். ஒரு எடத்துலதான் வழுக்குச்சு."

மடத்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க வயசுல பெரியவரு. வையவும் முடியல."

எழுந்தார். ஒரு டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரும்பு அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. மூடிப் பூட்டுகிற சத்தமும் கேட்டது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே வந்தார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணாப் போடாதீங்க, ஆளுக்கொரு பக்கமா வையுங்க."

"அது?"

"இங்க இருக்கட்டும்."

"எப்பத் தருவீங்க?"

"புது டிசைன் சேர்ந்தா வேற டிஸ்க்குல போட்டுக் கொண்டாங்க. அத உள்ள வெச்சிட்டு இத தர்றேன். மத்த ரெண்டும் போயி வெறுங்கையோட வந்தீங்கன்னா, அப்பவும் தர்றேன்."

"வேற எதுக்காச்சும் தேவைப்பட்டா?"

"தரமாட்டேன்."

செங்கோடன் முனகிக்கொண்டேதான் போனார். ஆனாலும் சொன்னபடி செய்தார். டிசைன் சேரச் சேர வருவார். புதியது உள்ளே போய்ப் பூட்டு விழுந்த பிறகுதான் பழையது கைக்கு வரும். ஒரு தடவைகூட அந்தம்மா பழசு புதுசு ரெண்டையும் ஒன்றாக அவர் கையில் விட்டதில்லை. இது என்னடா அடகுக் கடையைவிட மோசமா இருக்குதே என்று நினைத்துக்கொள்வார்.

புரட்டாசி வந்தது. ஆயுத பூசையும் வந்தது.

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? எல்லாம் பொட்டு வெச்சு உக்காந்திருக்கறப்ப, அது அநாதையாட்டம் மடத்துல கெடக்கோணுமா? போயி வாங்கிட்டு வாங்க" என்றாள் சரசா.

வந்தார். கையில் பூ, கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம்.

"ஒரு மணி நேரங்கம்மா. பூசை முடிஞ்ச கையோட நானே கொண்டாந்து வெக்கறேன்."

"தரமாட்டேங்கண்ணா."

"இந்தத் தடவ சூடமே கெடையாது. சீரியல் பல்புதான்."

"நல்லது."

"நல்லதம்பிய வாசலோட நிறுத்திட்டேன்."

"அவரு என்ன பண்ணுவாரு பாவம். உள்ள விடுங்க."

"பாருங்க, நெசப் பட்டு. நூலப் பிரிச்சு நெருப்புல காட்டிப் பாத்துத்தான் வாங்குனேன்."

"சரசக்காவுக்கு ரவிக்கை தெச்சுக் குடுங்க."

செங்கோடனுக்கு மூக்கு சிவந்தது.

"அங்க ரெண்டும் பலகையில ஏறியாச்சுங்க. மூணாவதுக்கு எடம் விட்டு வெச்சிருக்கோம். நேரம் தாண்டுது."

ரெண்டும் பலகையில் ஏறியாச்சு என்றபோது அந்தம்மா முந்தானை முடிச்சை ஒரு தரம் இறுக்கிவிட்டார்.

"அது என்னோட சொத்துங்க."

"ஆமாங்கண்ணா."

"நான் போட்ட படம். நான் வாங்குன டிஸ்க்கு."

"யாரு இல்லைன்னா?"

"அப்பக் குடுங்க."

"மாட்டேன்."

செங்கோடன் பூவைக் கீழே வைத்தார். பொட்டலத்தையும் வைத்தார். மனசில் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது கல்லுக் கட்டடம், நெருப்பு புடிக்காது. மேட்டு நெலம், தண்ணி ஏறாது. திருடன் வந்தாலும் மடத்தப் பாத்துட்டு அவனே ரெண்டு ரூவா வெச்சுட்டுப் போவான். அப்புறம் யாருகிட்ட இருந்தும்மா இத இப்படிப் பூட்டிப் பூட்டிக் காப்பாத்துறீங்க?"

மடத்தம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

பார்வையை எடுக்கவில்லை.

யாரோ பின்னால் வந்து நிற்கிறார்கள் போல என்று செங்கோடன் திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.