திரும்பிய கழுத்து

தாராபுரம் பக்கத்தில் ரிமோட்டில் இயங்கும் குட்டி விமானங்களைப் பறக்கவிட ஒரு மைதானம் உண்டு. நிலம் மில் முதலாளி தண்டாயுதபாணியுடையது. அவர் ஒரு ட்ரோன் வாங்கினார். அதன் கேமரா பார்ப்பதெல்லாம் அவர் கண்ணை முழுக்க மறைத்து மாட்டும் கண்ணாடியில் தெரியும்; வேறெதுவும் தெரியாது.

ட்ரோன்காரர் பக்கத்தில் வானத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது அங்கே விமானம் விடுவோர் சங்கத்தின் விதி. அப்படி ஆள் நின்றால் ட்ரோனும் விமானங்களும் சேர்ந்தே பறக்கலாம்.

முதலாளி கேட்கவில்லை. "எனக்கு எதுக்கு ஆளு? ட்ரோனுக்கு எல்லாந் தெரியும். நான் பறக்கறப்ப ஒரு விமானமும் ஏறக் கூடாது. மீறினா மைதானத்தைப் பூட்டிருவேன்."

சங்கத்தார் தங்கள் விமானங்களை இறக்கினார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்த வஞ்சியம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ட்ரோன் உயரே ஏறியிருந்தது.

"ஏனுங்க முதலாளி, ட்ரோனுக்குப் பின்னால ஒரு பருந்து வருதே, தெரியுதுங்களா?"

முதலாளி மாட்டிய கண்ணாடியோடே சட்டென்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "பின்னால ஒண்ணுமில்லையே."

"திரும்புனது உங்க கழுத்துங்க. ட்ரோன் இன்னும் முன்னாலதான் பார்த்துட்டு இருக்குதுங்க."

மைதானமே சிரித்தது. இப்போது ட்ரோனும் விமானங்களும் சேர்ந்தே பறக்கின்றன. பக்கத்தில் நிற்கும் வஞ்சியம்மாள் "இறக்குங்க" என்றால் முதலாளி இறக்குகிறார். திரும்பிப் பார்ப்பதில்லை.