ஆள்காட்டியின் குரல் உடைந்த கதை

பறவையும் தவளையும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரை ஆள்காட்டிக் குருவிக்குச் சுத்தமான குரல். சீழ்க்கை போல ஒற்றைச் சுரம். கூட ஒன்றும் கலக்காது. அந்தியானால் அவள் சுரம் பிடிப்பாள், அதை வைத்துத்தான் மற்றவர்கள் பாடுவார்கள். தவளைகள் செய்ததையும் பாட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

"தொண்டையை மட்டும் அழுத்திடாதே. தாங்குற அளவுக்கு மேலே போனா சுரம் உடைஞ்சிடும். அப்புறம் நாங்க எதைப் பிடிச்சுப் பாடுறது?" என்று பெரிய தவளை அடிக்கடி சொல்லும். அவளும் ஒருநாளும் அழுத்தியதில்லை. அந்தக் குரலில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஒரு கோடையில், வறண்ட ஏரியின் நடுவே வெறும் தரையில் அவள் குஞ்சு பொரித்தாள். குஞ்சுகளுக்குக் கூழாங்கல் நிறம். ஆபத்து என்றால் அசையாமல் படுத்துவிடும், கண்ணுக்கே தெரியாது. அன்று பகலில் இருளாயி தன் ஆட்டு மந்தையை ஏரிக்குள் ஓட்டி வந்தாள். ஏரிக்குள் மிச்சமிருந்த குட்டைத் தண்ணீரின் வாடை பட்டதும் ஆடுகள் புழுதி பறக்க ஓடின.

"குஞ்சு கிடக்கு! மிதிச்சிடாதீங்க!" என்று ஆள்காட்டி கத்தினாள்.

இருளாயிக்குக் கேட்டது. ஆனால் ஒன்றும் கலக்காத அந்தச் சுரம் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. புழுதியில் கண்ணும் தெரியவில்லை.

"எங்கே இருக்கே தாயி? நாலு பக்கமும்ல கேக்குது! மந்தையை எந்தப் பக்கம் திருப்ப?" என்று பதறினாள். பாவம், அவள் என்ன செய்வாள்?

முன்னால் வந்த கிடா நெருங்கிவிட்டது. ஆள்காட்டி குஞ்சுகளைப் பார்த்தாள். இருந்த மூச்சையெல்லாம் இழுத்துத் தொண்டையை அழுத்தினாள்.

தொண்டை தாங்கவில்லை. அந்த ஒற்றைச் சுரத்தின் உச்சி நசுங்கியது. நசுங்கிய சுரம், தன்னைவிட இருமடங்கு மும்மடங்கு உயர்ந்த சுரங்களையும் கூட்டிக்கொண்டு கரகரவென்று வெடித்து வந்தது.

"அந்தா, அந்தக் கருங்கல்லுக்குப் பக்கத்துல!" பல சுரம் கலந்ததும் திசை பிடிபட்டுவிட, இருளாயி கோலை வீசி மந்தையைத் திருப்பினாள்.

புழுதி அடங்கியபோது குஞ்சுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. ஆள்காட்டி மெதுவாகப் பழைய சுரத்தைத் தேடிப் பார்த்தாள். கரகரப்புதான் வந்தது. அழுதாள், அழுகையும் கரகரத்தது. குஞ்சுகளுக்கு அதெல்லாம் தெரியுமா? சத்தம் வந்த திசைக்கு நேராக ஓடிவந்து அவள் இறக்கைக்குள் நுழைந்துகொண்டன.

அன்று உடைந்த அந்தத் தொண்டையோடுதான் ஆள்காட்டி இன்றும் கத்துகிறாள். எங்கே நிற்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.