டவுன் லோடு

எங்கள் வாகைப்பட்டி சுமை தூக்குவோர் சங்கத்திற்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் முதலாளிகளுக்குத்தான் லாபம்.

முதல் அநீதி: கூலி உயர்வு கேட்டபோது சரக்குக் கிட்டங்கி முதலாளி அரங்கநாயகம், "பார்க்கலாம்" என்றார். எங்கள் ஆட்கள் தினமும் போய் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒரு வெயில் காலம் முழுக்கப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை.

இரண்டாவது அநீதி: ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். அடியில், "மேலே கண்டபடி சம்மதிக்கிறோம்" என்று இருந்தது. நிர்வாகக் குழு மேலே பார்த்தது. உத்தரத்தில் ஒரு பல்லி இருந்தது. பல்லியில் தகராறு ஒன்றும் இல்லையே என்று கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் முதல் மத்தியான ஓய்வு போய்விட்டது.

மூன்றாவது அநீதிதான் இந்தக் கதைக்குக் காரணம். மிளகாய் மூட்டையோடு நின்ற சோணைமுத்து, "இதை எங்க மொதலாளி போடுறது?" என்று கேட்டான். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அரங்கநாயகம் எரிச்சலில், "ம்... என் தலையில போடு" என்றார். சோணை போட்டான். சொன்ன வேலையைச் சொன்ன இடத்தில் செய்த தொழிலாளியை அன்றைக்கே வெளியே தள்ளினார்கள்.

பிறகு மாரியம்மன் திருவிழாவில் மாலை, பரிவட்டம் எல்லாம் ஏறிய குஷியில் அரங்கநாயகம் மைக்கைப் பிடித்து, "சோணையை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கிறேன்" என்று ஊரறிய அறிவித்தார். மாலை வாடுவதற்குள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ஆனால் மைக்செட் காசிலிங்கம் அதைப் பதிவு செய்து ஒரு சிடியில் ஏற்றி வைத்திருந்தார்.

சங்கம் கேஸ் போட்டது. விசாரித்த தொழிலாளர் அதிகாரி அம்மா சங்கத்தாரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமை அந்த சிடியைப் போட்டுக் காட்டுங்க. இல்லைன்னா கேஸை மூடிடுவேன்."

கேஸ் மூடினால் சோணை வாழைத்தார் சுமக்கக் கேரளாவுக்குப் போக வேண்டும். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

சங்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. தேர்தலுக்கு முன்பு ஒரு வேட்பாளர் கொடுத்தது. அவர் தோற்றதால் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டார். அதில் சிடி போட ஒன்றுக்கு இரண்டு தட்டுகள். ஒன்று தொழிலாளர் தரப்புக்கு, மற்றது நிர்வாகத் தரப்புக்கு என்று தலைவர் மொக்கையன் விளக்கினார். சிடியைத் தொழிலாளர் தட்டில் வைத்தார்கள். உள்ளே போனது, சுற்றியது, பேசவில்லை.

"முதலாளி பேச்சுதானே, அவர் தட்டுல வச்சாத்தான் பேசும்" என்றார் பொருளாளர் ஒச்சு. அங்கேயும் பேசவில்லை.

டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்கள்.

"ரெண்டு டிரைவும் நல்லாத்தாண்ணே இருக்கு. உள்ள பிளேயர் இல்ல. சாப்ட்வேர்ண்ணே. ஃப்ரீதான். டவுன்லோடு பண்ணிக்கங்க."

"எவ்வளவு இருக்கும்மா?" என்றார் மொக்கையன்.

"சின்னதுதாண்ணே. நாப்பது எம்.பி."

போனை வைத்ததும் அவசரக் கூட்டம் கூடியது. அப்போது நான் சங்கத்தின் ஆலோசகர். ஆலோசகர் என்றால் உட்கார நாற்காலி உண்டு, பேச நேரம் கிடையாது.

"தோழர்களே, லோடு டவுன்ல இருக்கு" என்றார் மொக்கையன். "டவுன் லோடை நாம தொடலாமா? ஏத்துறது டவுன் சங்கத்தோட உரிமை. இறக்குறதுதான் நம்ம உரிமை."

"ஏத்துறதுக்கு அவங்ககிட்ட அனுமதி வாங்கிரலாம்ணே" என்றார் ஒச்சு. "எனக்கு இந்த நாப்பது எம்.பி.தான் உதைக்குது. தமிழ்நாட்டுல முப்பத்தொம்பது, புதுச்சேரில ஒண்ணு. சரியா நாப்பது. எல்லாரையுமா கூட்டியாரணும்?"

"சின்னதுதான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

"அதுக்குச் சின்னது. ஓட்டுக் கேக்கவே ஒருத்தருதான் வந்தாரு. சிடி கேக்க நாப்பது பேரும் வருவாங்களா?"

சோணை எழுந்து, "அண்ணே, நாப்பது பேருக்கும் எங்க வீட்ல சோறு ஆக்க முடியாதுண்ணே. அவ நிறைமாசம்" என்றான்.

"அது கம்ப்யூட்டர் அளவு, நாடாளுமன்றம் இல்லை" என்று நான் எழுந்தேன். ஆலோசகர் அமரும்படி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எம்.பி.க்களை அப்புறம் பார்த்துக்கொள்வது, முதலில் லோடை எடுப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் ஒரு டெம்போ, தார்ப்பாய், கயிறு சகிதம் டவுனுக்குப் போனோம். சாப்ட்வேர் என்றால் மெத்தென்ற சரக்கு, நசுங்கிவிடும் என்று ஒச்சு டெம்போவில் வைக்கோல் பரப்பியிருந்தார். ஜெசிந்தா டெம்போவைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க ஒருதரம் உள்ளே போய் வந்தாள். பிறகு பிளேயரைக் கட்டைவிரல் அளவுள்ள ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள்.

"இதுலயே இருக்குண்ணே. சட்டைப் பையில போட்டுட்டுப் போங்க."

மொக்கையன் கையை எடுத்துக்கொண்டார். "சட்டைப் பையில போடுறதா? டவுன் சங்கத்துக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?"

டவுன் சங்கத்துக்காரர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எங்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. நான்கு பேர் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு கோணியின் நடுவில் பென் டிரைவை வைத்து, நான்கு முனையையும் பிடித்து, "ஏலேசா" போட்டு டெம்போவில் ஏற்றினார்கள். ஒருவர் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று டீ கேட்டார். தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்கினோம். வாகைப்பட்டியில் இறக்கும்போது வைக்கோலுக்குள் லோடைத் தேடி எடுப்பதற்குள் இருட்டிவிட்டது.

பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினார்கள். திரையில் ஏதோ நீளமாக எழுத்து வந்தது. மறுபடி ஜெசிந்தாவுக்குப் போன்.

"அது ஒப்பந்தம்ணே. யாரும் படிக்க மாட்டாங்க. அடியில 'ஐ அக்ரீ'ன்னு இருக்கும், அமுக்குங்க."

"அக்ரீன்னா?"

"சம்மதம்னு அர்த்தம்ணே."

மொக்கையன் முகம் சிவந்தது. "படிக்காம சம்மதமா? அந்தப் பல்லிக்குச் சம்மதிச்சுத்தான் மத்தியான ஓய்வு போச்சு!" எல்லாரும் மேலே பார்த்தார்கள். இம்முறை பல்லி இல்லை. அதுவே சந்தேகத்தை அதிகமாக்கியது.

"எதிர்ப்புத் தெரிவிச்சுக்கிட்டே அமுக்குவோம்ணே" என்று ஒச்சு வழி கண்டுபிடித்தார்.

அப்படியே ஆயிற்று. எல்லாரும் கறுப்புத் துணி குத்திக்கொண்டோம். "திணிக்காதே, திணிக்காதே! ஒப்பந்தத்தைத் திணிக்காதே!" என்று முழக்கம் எழும்ப, ஒச்சு முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பிளேயர் உள்ளே போய் உட்கார்ந்தது. சிடி பேசியது. சோணை அழுதுவிட்டான்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு அதிகாரி அம்மாவின் அலுவலகத்திற்குப் போனோம். சாட்சிகளாக மைக்செட் காசிலிங்கமும் டெம்போ டிரைவரும் வந்தார்கள். எதிரே அரங்கநாயகம் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மிளகாய் என்றாலே அவருக்கு இன்னும் தும்மல் வரும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை.

சிடியைப் போட்டார்கள். மேளச் சத்தத்துக்கு நடுவே, "சோணையை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கிறேன்!" என்று குரல் கணீரென்று வந்தது.

"இது என் குரலே இல்லை" என்றார் அரங்கநாயகம்.

"பின்ன யாரு பேசுறது?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

சங்கத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் ஒச்சு ஒருவர்தான். திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு கூட்டினார். "இதுலயே போட்டிருக்கும்மா. அன்... னோன்... ஆர்ட்டிஸ்ட்."

பேசியவர் பெயர் சிடியில் இல்லாவிட்டால், பெயர் தெரியாத கலைஞர் என்று பிளேயர் தானாகக் காட்டும் வார்த்தை அது. சொல்வதற்காக எழுந்தேன். ஆலோசகருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்றார் மொக்கையன்.

அதற்குள் அரங்கநாயகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "எவன்யா அவன் ஆர்ட்டிஸ்ட்? என் கிட்டங்கி, என் மூட்டை. அதுல ஆள் சேர்க்கிறதுக்கு ஊர் பேர் தெரியாத ஒருத்தன் மைக்கைப் பிடிச்சுப் பேசுவானா? பரிவட்டம் எனக்குத்தானே கட்டுனாங்க? சொன்னது நான்தான்யா! சோணையைச் சேர்த்துக்கிறேன்னு சொன்னது நானேதான்! நாளைக்கே வரட்டும்!"

சோணை கும்பிட்டான். அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

"ஆட்சேபிக்கிறோம்!" என்று மொக்கையன் மேசையைத் தட்டினார். "அம்மா, இது முதலாளியோட புதுச் சூழ்ச்சி. எங்கேயோ இருக்கிற ஒரு கலைஞர் ஏழைக்கு இரக்கப்பட்டு வாக்குக் குடுத்தா, அந்தப் பேரையும் இவரே தட்டிக்கிட்டுப் போகப் பார்க்கிறாரு!"

"அண்ணே, உக்காருங்கண்ணே" என்று சோணை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "அவருதான் வேலை குடுக்குறாருல்ல?"

"நீ சும்மா இருப்பா. உனக்காகத்தானே போராடுறோம்!"

"நான் சொன்னேன்னு நானே சொல்றேன்யா!" என்று கத்தினார் அரங்கநாயகம்.

"நீங்க சொல்லலைன்னு போன நிமிஷம் சொன்னதும் நீங்கதான்" என்றார் ஒச்சு. "ஆளு மாத்திப் பேசலாம். மெஷின் மாத்திப் பேசாது."

அதிகாரி அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. வாக்குறுதி கொடுத்தது இவர் இல்லைன்னு சங்கமே சொல்லுது. அப்ப யாருன்னு சாட்சிகள் முன்னாடி முழுப் பேரோட, தகப்பனார் பேரோட சத்தமா வாசிங்க. எழுதிக்கிறேன்."

காசிலிங்கமும் டெம்போ டிரைவரும் எழுந்து நின்றார்கள். சோணை தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஒச்சு திரையில் தகப்பனார் பெயரைத் தேடினார். கொஞ்சம் கீழே அதுவும் இருந்தது. அது சிடியின் முதல் பதிவுக்கு உண்டான வரிசை எண். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடைசி அறை வரை கேட்கும்படி வாசித்தார்:

"ட்ராக் ஜீரோ ஒன் மகன் அன்னோன் ஆர்ட்டிஸ்ட்."